நியூசிலாந்தா, ஸ்வீடனா: கொரோனாவில் யார் வழி சரி?

இந்தக் கேள்வி எழுந்தால் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது.

கட்டுப்பாடு
நியூசிலாந்து: அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டென் 2020 மார்ச் 25-இல் நாட்டையே முடக்கினார். எல்லை அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது.
ஸ்வீடன்: தொடக்கப் பள்ளிகளும் உணவகங்களும் திறந்தே இருந்தன.

2020-இல் உயிரிழப்பு
நியூசிலாந்து: 25 பேர்.
ஸ்வீடன்: 8,000-க்கும் மேல். மக்கள்தொகை இரு மடங்கு என்று சமாதானம் சொல்ல முடியாத வேறுபாடு இது. முதியோர் இல்லங்களில்தான் பெரிய அடி. மன்னர் கார்ல் குஸ்தாஃபே அந்த டிசம்பரில் "தோற்றுவிட்டோம்" என்றார். மன்னர்கள் இப்படிப் பேசுவது அபூர்வம்.

விமர்சனம்
நியூசிலாந்து: வெளிநாட்டில் இருந்த சொந்தக் குடிமக்களே தனிமைப்படுத்தும் விடுதிகளில் இடம் கிடைக்காமல் தவித்தார்கள். 2022-இல் கட்டாயத் தடுப்பூசியை எதிர்த்தவர்கள் நாடாளுமன்றத்தின் முன் மூன்று வாரம் கூடாரம் அடித்தார்கள்.
ஸ்வீடன்: அப்போதைய பிரதமர் லோஃப்வென், அரசின் தொற்றுநோய் நிபுணர் தெக்னெல்லின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் என்ற ஏச்சு.

எல்லையை அடைக்க முடிந்த தீவு நாட்டுக்கு, தடுப்பூசி வரும்வரை முதல் வழியே பொருந்தும். பள்ளியை மூடவே கூடாது என்பவர்களுக்கு இரண்டாவது வழி, அதுவும் முதியோர் இல்லங்களை முதலில் காத்த பிறகு.