லட்சக்கணக்கில் இணையப் பக்கம் திரட்ட எந்த ப்ராக்ஸி? ஒரு நெல்லை அனுபவம்

ஆன்லைன் மளிகைத் தளங்களில் காய்கறி விலையைத் தினமும் திரட்டி, நயினார்குளம், பாவூர்சத்திரம் மார்க்கெட் வியாபாரிகளுக்கு அனுப்புவது பாளையங்கோட்டையில் எங்கள் வேலை. சில வருடமாக இதைச் செய்கிறோம். லாபம் நிற்பதும் நிற்காததும் ப்ராக்ஸி செலவில்தான் இருக்கிறது. ப்ராக்ஸி என்பது நம் ஐபி (இணைய முகவரி எண்) தெரியாமல், வேறொரு ஐபி வழியே தளத்தைத் திறந்து தரும் இடைச் சேவை.

முக்கால்வாசி வேலைக்கு, சர்வர் மையங்களின் ஐபியைத் தரும் டேட்டாசென்டர் ப்ராக்ஸியே போதும். ஐபிக்கு இவ்வளவு என்று மாத வாடகை, நல்ல வேகம். ஆனால் அது ஹோஸ்டிங் கம்பெனி ஐபி என்பது அது எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று காட்டும் ஏஎஸ்என் எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கெடுபிடியான தளம் 403 ('அனுமதி இல்லை' என்ற பதில்) கொடுத்து வாசலிலேயே நிறுத்திவிடும். 429 ('கோரிக்கைகள் மிக அதிகம்' என்ற பதில்) வந்தால் விஷயம் வேறு. வேகத்தைக் குறைத்தாலே சரியாகிவிடும். அதற்காக விலை கூடின ப்ராக்ஸிக்குப் போவது வீண். தானாக ஓடும் நிரல்கள் எங்கே வரக் கூடாது என்று தளம் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு வேண்டாம் என்கிற பகுதிக்குள் நாங்கள் எதை வைத்தும் போவதில்லை.

வீட்டு இணைப்புகளின் ஐபியைத் தரும் ரெசிடென்ஷியல் ப்ராக்ஸிக்கு பெரும்பாலும் ஜிபி கணக்கில்தான் காசு. ஒரு பக்கத்தைப் படங்களோடு பிரவுசரில் திறந்தால் 2 எம்பி என்று வையுங்கள், ஒரு ஜிபிக்கு 500 பக்கம்தான் வரும். படம், ஃபான்ட் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, விலை வருகிற ஜேசானை (வெறும் எழுத்துத் தரவு) மட்டும் 100 கேபிக்குள் எடுத்தால் அதே ஜிபியில் 10,000 பக்கம். பேரம் பேசுவதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

'திருநெல்வேலி ஐபி வேண்டும்' என்று கூடுதல் காசு கொடுக்கவும் தேவைப்படவில்லை. நாங்கள் எடுக்கிற தளங்கள் பின்கோடைப் பார்த்துத்தான் விலை காட்டுகின்றன. 627002 என்று குக்கீயில் (தளம் நம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) போனால் பாளையங்கோட்டை விலை வந்துவிடும். ஆனால் அந்தக் குக்கீ ஓடும்வரை ஐபி மாறக் கூடாது; நடுவில் மாறினால் தளம் சந்தேகப்படும். அதனால் ஒரே ஐபியைக் கொஞ்ச நேரம் மாற்றாமல் வைத்திருக்கும் ஸ்டிக்கி செஷன்தான் சரி.

செல்போன் நெட்வொர்க்கின் ஐபியைத் தரும் மொபைல் ப்ராக்ஸியில், சிஜிநேட் என்ற பகிர்வு முறை காரணமாக ஒரே ஐபியைப் பலர் பகிர்வதால் தளங்கள் தடுக்கத் தயங்கும். விலையும் அதற்கேற்பக் கூடுதலாக இருக்கும். விலை திரட்ட அது வேண்டியதில்லை.

ரெசிடென்ஷியல் ஐபி என்றால் அது யாரோ ஒருவர் வீட்டு இணைப்பு. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற ப்ராக்ஸி வலையில், இலவச விபிஎன் செயலிகள் வழியே மால்வேர் புகுந்து சிக்கிய ஐபிகள் 1.9 கோடிக்கும் மேல். வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் விற்பவரிடம் நான் முதலில் கேட்பது, இந்த இணைப்புக்காரர்கள் சம்மதித்தார்களா, எப்படிச் சம்மதம் வாங்கினீர்கள் என்பதைத்தான். மழுப்பினால், பாதி விலைக்குத் தந்தாலும் வாங்குவதில்லை.