வடசென்னையில் மெட்ரோ வாட்டர்: ஆலைத் தண்ணீர் நல்லது, தெருக் குழாய்தான் பலவீனம்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் வீடு பார்க்கப் போனால், வாடகையைக் கேட்கும் முன்பே "மெட்ரோ தண்ணி வருதா, எத்தனை மணிக்கு விடுவாங்க?" என்று கேட்டுவிட வேண்டும். மெட்ரோ வாட்டர் என்று எல்லோரும் சொல்லும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் சேவையை வடசென்னை அளவில் எடைபோட்டால், தண்ணீருக்கு 5க்கு 4, தண்ணீர் லாரிக்கும் புகார்ப் பிரிவுக்கும் 3, தெருவுக்கு அடியில் கிடக்கும் குழாய்க்கு 2 கொடுக்கலாம். அந்த 2 மதிப்பெண்ணில்தான் பெரும்பாலான வீடுகளின் பிரச்சினை இருக்கிறது. அதில் ஒரு பங்கை வீட்டுக்காரரே சரிசெய்ய முடியும்.

பட்டணத்தின் குழாய்த் தண்ணீர்க் கதை வடக்கில் தொடங்கியது. 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்த திட்டத்தின் பெயரைத்தான் ஏழு கிணறு பகுதி இன்றும் தாங்கி நிற்கிறது. நூறு ஆண்டு கழித்து, 1872இல், கொசஸ்தலையாற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம் வழியாகப் புழல் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது வடிகட்டல் கிடையாது. மணல் வடிகட்டிகளும் பம்பு நிலையமும் 1914இல், மாநகராட்சியின் பொறியாளர் மேட்லியின் திட்டப்படி வந்தன. பூண்டி நீர்த்தேக்கம் 1944, வாரியம் 1978. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகியவை 2011 வரை தனித்தனி நகராட்சிகளாக இருந்தவை. ஒவ்வொன்றும் தன் கையிருப்புக்கு ஏற்பக் குழாய் போட்டிருந்தது. மாநகராட்சியோடு அவை சேர்ந்தபோது, வாரியத்தின் பொறுப்பில் பல அளவும் பல வயதும் கொண்ட குழாய்கள் வந்து சேர்ந்தன. இந்தப் பின்னணி தெரிந்தால், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் ஒன்றில் தண்ணீர் பாய்வதும் மற்றதில் சொட்டுவதும் புரிந்துவிடும்.

இன்று மூலத்தில் குறை சொல்ல முடியாது. புழல் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர் திறன் கொண்டது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் திறந்த கடல்நீர் ஆலை 10 கோடி லிட்டர் திறனோடு வடசென்னையை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிய தண்ணீரில் தாது குறைவு. ருசி சப்பென்று இருக்கும். அது கெட்ட தண்ணீரின் அடையாளம் ஆகாது. லேசான குளோரின் வாடையும் அப்படித்தான்: கிருமிக்கொல்லி தெருமுனை வரை தாக்குப்பிடித்து வந்திருக்கிறது என்று பொருள்.

இனி குழாய். பழைய தெருக்களில் கிடப்பது வார்ப்பிரும்பு. ஒரு குழாயின் வாயில் அடுத்ததைச் செருகி, சணல் திணித்து, ஈயம் உருக்கி ஊற்றிய மூட்டுகள். மேலே கன்டெய்னர் லாரி ஓடும் சாலைகளில் அதிர்வால் இந்த மூட்டுகள் தளர்கின்றன. உள்ளே துரு கட்டியாகப் படிகிறது. 100 மி.மீ. குழாயில் சுற்றிலும் 15 மி.மீ. படிந்தால் மிஞ்சுவது 70 மி.மீ. துளை, பரப்பில் பாதி போய்விட்டது, பாயும் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கடைசி வீட்டுக்கு அழுத்தம் வராததற்கு இதுவே முக்கியக் காரணம். மேட்டிலிருக்கும் வீட்டுக்காரர் மோட்டார் போட்டு நேராக மெயினிலிருந்து, அதாவது தெருவின் முக்கியக் குழாயிலிருந்து, உறிஞ்சினால் கடைசி வீட்டின் பங்கும் போய்விடும். அது விதிமீறல் மட்டுமல்ல, மொத்தத் தெருவுக்கும் ஆபத்தும்கூட.

ஆபத்து எப்படி? தண்ணீர் சில மணி நேரம் மட்டும் விடப்படுகிறது. மீதி நேரம் குழாய் காலி. காலியான குழாயை அடி பம்போ மோட்டாரோ இழுக்கும்போது உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைகிறது. தளர்ந்த மூட்டுக்கு வெளியே கழிவுநீர் தேங்கியிருந்தால் அது உள்ளே வரும். மெயினிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இடத்தில் பொருத்தும் ஃபெருலும், அதிலிருந்து வாசல் வரை வரும் மெல்லிய இரும்புக் குழாயும் இன்னும் பலவீனமானவை. பல தெருக்களில் இந்தக் குழாய் சாக்கடைக்குள்ளேயே புகுந்து வருகிறது. துருப்பிடித்து ஊசித்துளை விழுந்தால் போதும்.

தண்ணீர் நாறினால் குறை எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. தண்ணீர் விட்ட முதல் கால் மணிக்குள் உங்கள் பம்பிலும் இருபுறத்து வீடுகளிலும் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். மூன்றிலும் நாற்றம் என்றால் மெயினில் கோளாறு. உங்கள் டம்ளரில் மட்டும் என்றால் உங்கள் இணைப்புக் குழாயில். முதல் இரண்டு குடம் மட்டும் பழுப்பாக வந்து பிறகு தெளிந்தால் அது துரு. துணி துவைக்க ஆகாது, மற்றபடி அவசரமில்லை. பத்துக் குடத்துக்குப் பிறகும் நாற்றம் நிற்கவில்லை என்றால் குடிக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் சோதிப்பது நல்லது. குளோரின் சோதனைப் பெட்டியில் சில துளி கரைசல் விட்டால் நிறம் மாறும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சோதித்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நிறமே மாறவில்லை என்றால் வழியில் ஏதோ குளோரினைத் தின்றுவிட்டது. கழிவு கலப்பைக் காட்டும் எச்2எஸ் சோதனைக் குப்பியில் தண்ணீர் பிடித்து ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் அது கழிவு கலந்திருப்பதற்கான எச்சரிக்கை. ஆர்.ஓ. எந்திரம் இதற்கான மருந்து அல்ல. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பு, தாதுக்களின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கும் மெட்ரோ தண்ணீருக்கு ஆர்.ஓ. போட்டால் நல்ல தண்ணீரில் ஒரு பகுதியைச் சாக்கடையில் விடுகிறோம். கிருமிக்குக் கொதிக்க வைப்பதே போதும்: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம்.

அடி பம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடசென்னையின் பாதி உழைப்பு அதில்தான் கரைகிறது. கைப்பிடி லேசாகிவிட்டது, அடித்தால் தண்ணீர் ஏறவில்லை என்றால் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். புது வாஷரை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் நன்றாகப் பிடிக்கும். ராத்திரி நிறுத்திய பம்பு காலையில் தண்ணீரை இறக்கிவிட்டிருந்தால் கோளாறு கீழ் வால்வில். மணலோ துருத் துணுக்கோ சிக்கியிருக்கும், கழற்றித் துடைத்தால் சரியாகும். இழுவை பிடிக்க மேலே தண்ணீர் ஊற்றும் வழக்கம் இருக்கிறதே, அதில் பெரிய தவறு நடக்கிறது. வாசலில் கிடக்கும் அழுக்கு வாளித் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அது நேராகக் குடிதண்ணீர்க் குழாய்க்குள் போகிறது. இதற்கென்று மூடியோடு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவு விஷயத்தில் சேவை தேறவில்லை. நகர்ப்புறத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் திட்ட அளவு. ஐந்து பேர் வீட்டுக்கு 675 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 45 குடம். 45 குடம் அடித்து மாடியேற்றும் வீடு எதுவும் இல்லை. ஆகவே அடி பம்பை நம்பியிருக்கும் வீடு, ஏரி நிரம்பி வழிந்தாலும், திட்ட அளவை எட்டவே எட்டாது. சம்பு, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, வைத்த வீடுதான் எட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் தெருவில் ஐந்து பேருக்கு 1500 லிட்டராவது வேண்டும். சம்பின் வாய் விளிம்பு தரையைவிட அரையடி உயர்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் மழையில் தெருத்தண்ணீர் புகும். போர் (ஆழ்துளைக் கிணறு) குழாயையும் மெட்ரோ குழாயையும் ஒரே வால்வில் இணைப்பதைப் பிளம்பர் எவ்வளவு சுலபம் என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வால்வு கசிந்தால் உப்புத் தண்ணீர் மெயினுக்கே போகும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுமீறி இறைத்ததில் கடல்நீர் உள்நாட்டுக்குள் ஏறிய வரலாறு இருப்பதால், போர் தண்ணீர் இங்கே மெட்ரோ தண்ணீருக்கு மாற்றாகவும் முடியாது.

லாரித் தண்ணீரின் தரம் ஏற்றும் இடத்தில் சரியாகவே இருக்கிறது. கெடுவது தெருவில். ஹோஸின் வாய் தரையில் புரண்டு அப்படியே சின்டெக்ஸ் தொட்டிக்குள் போகும். தொட்டியின் மூடி உடைந்து கிடக்கும். ஹோஸின் முனையைக் கழுவிவிட்டுப் போடும்படி லாரி ஊழியரிடம் கேட்டால் மறுக்க மாட்டார்.

புகாருக்கு 1916. "தண்ணி நாறுது" என்று மட்டும் சொன்னால் வேலை நகராது. கதவு எண், தண்ணீர் வரும் நேரம், எத்தனை வீட்டில் நாற்றம், எத்தனை குடம் வரை என்று சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் ஆள் வந்தால்தான் மாதிரி எடுக்க முடியும் என்பதால் அந்த நேரம் முக்கியம். பள்ளம் தோண்டிக் கசிவைத் தேட நாளாகும். அதுவரை லாரி அனுப்பும்படி அதே அழைப்பில் கேட்டுவிடலாம். நகராவிட்டால் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகத்தில் நடக்கும் குறைகேட்புக் கூட்டத்துக்கு எண்ணோடு போகலாம். எழுதிக் கொடுத்த புகாருக்கு அங்கே மரியாதை உண்டு.

ஐப்பசி மழைக்கு முன் சம்பைக் கழுவிவிடுங்கள். மூடியை முன்கூட்டியே திறந்து காற்றோடவிட்டு, மேலே ஓர் ஆள் நிற்க, பிறகே உள்ளே இறங்க வேண்டும். வழக்கமான கிருமிநீக்கத்துக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். தனி வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் புழங்கலாம். கழிவுநீர் புகுந்த சம்பு என்றால் கணக்கு வேறு: காலிசெய்து தேய்த்து, 1000 லிட்டருக்கு 150 கிராம் வீதம் கலந்து ஓர் இரவு விட்டு, முழுவதையும் வெளியேற்றி அலசியபின்தான் நிரப்ப வேண்டும். கடற்காற்றில் திறந்து வைத்த பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். சின்னப் பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.