குளுவாங்கில் மகரந்த எண்: ஐந்து வருஷம் பார்த்த அனுபவம்

காற்றில் எவ்வளவு மகரந்தம் மிதக்கிறது என்று சொல்லும் மகரந்த எண்ணைக் காலையில் எழுந்ததும் போனில் பார்ப்பது 2019 முதல் என் பழக்கம். முதலில் பிரிஸ்பேனில் மூன்று மாதம், அப்புறம் இங்கே மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் ஐந்து வருஷத்துக்கு மேல். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தும்மலும் இளைப்பும் உண்டு. இதே தொல்லை உள்ளவர்கள் "அந்த எண் நம்ம ஊருக்கு உதவுமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மகளின் பிரசவத்துக்காக 2019 ஜனவரியில் பிரிஸ்பேன் போயிருந்தேன். அங்கே அப்போது கோடை. மெல்பர்ன் பக்கம் ரைகிராஸ் புல்லின் மகரந்தம் வசந்தத்திலேயே உச்சத்துக்குப் போய் அடங்கிவிடும். பிரிஸ்பேன் துணை வெப்பமண்டல ஊர் என்பதால் அங்குள்ள புற்கள் கோடையின் கடைசியில்தான் நன்றாகப் பூக்கின்றன: பஹியா புல், ஜான்சன் புல், பெர்முடா புல். பெர்முடா புல் என்றால் வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்துகிற நம்ம அருகம்புல்தான்.

"ம்மா, இன்னைக்கு ரொம்ப அதிகம்னு போட்டிருக்கான், துணியை வெளியே காயப் போடாதீங்க" என்பாள் மகள். ஒரு நாள் அதைக் கேட்காமல் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பூங்காப் பக்கம் போனேன். வழி நெடுக பஹியா புல். கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த கதிர், அதில் கறுப்புக் கறுப்பாகத் தொங்கும் சின்னப் பைகள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வாரெல்லாம் மஞ்சள் தூள். அன்று ராத்திரி இரண்டு தடவை இன்ஹேலர் எடுத்தேன். அந்த எண்ணை நான் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. ஆஸ்போலன் என்ற வலையமைப்பு அங்கே மகரந்தத்தை நிஜமாகவே எண்ணுகிறது. குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அதில் முன்னணியில் இருக்கிறார்கள். இதற்கான கருவி நிமிஷத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும். உள்ளே மெதுவாகச் சுழலும் உருளையில் பசை தடவிய நாடா. அதில் ஒட்டியதை ஒருவர் நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவார். ஒரு கன மீட்டர் காற்றில் புல் மகரந்தம் 20க்குக் கீழே என்றால் குறைவு, 20 முதல் 49 வரை மிதம், 50 முதல் 99 வரை அதிகம், 100க்கு மேல் மிக அதிகம். விளையாட்டில்லை இது. 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்னில் இடிமழையோடு புல் மகரந்தம் சிதறிப் பரவியதில் ஆயிரக்கணக்கானோர் மூச்சு முட்டி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்துபோனார்கள்.

அப்புறம் குளுவாங் திரும்பினேன். போனில் இருந்த வானிலை செயலியில் ஊரை மாற்றினேன். "மகரந்தம்: குறைவு." மறுநாளும் குறைவு. லாலான் புல் பூத்துப் பஞ்சு பறந்த வாரத்திலும் குறைவு, வீட்டுக்குப் பின்னால் செம்பனை, அதாவது பாமாயில் மரம், பூத்திருந்தபோதும் குறைவு. இத்தனை வருஷத்தில் அது மாறி நான் பார்த்தது மிகச் சில நாட்கள்தான், அந்த நாட்களில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. காற்றைப் பிடித்து எண்ணுகிற கருவி இந்த ஊரில் இல்லை. எண்ணாத இடத்தில் செயலி கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

அந்தக் கணக்கும் இங்கே சுலபமில்லை. செம்பனைக்குப் பருவம் கிடையாது. ஒரே மரம் கொஞ்ச காலம் ஆண் பூ விடும், கொஞ்ச காலம் பெண் பூ விடும், வருஷம் முழுக்க இப்படியே. எங்கள் அம்மா 1970களின் கடைசியில் தோட்டத்தில் இந்தப் பூவோடுதான் வேலை செய்தார். ஆண் பூவின் தூளை டால்க் பவுடரில் கலந்து, பெண் பூ ஒவ்வொன்றிலும் ஊத வேண்டும். சாயங்காலம் லயத்து வீட்டுக்கு வரும்போது அம்மாவின் தலைத்துண்டில் சோம்பு வாசனை அடிக்கும். செம்பனை ஆண் பூவின் வாசனை அது. துண்டை உதறினால் எனக்கு அடுக்குத் தும்மல். தண்ணீர் சேரவில்லை என்றார்கள், பனி என்றார்கள். 1981ல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். மகரந்தத்தை அது சுமக்க ஆரம்பித்ததும் அம்மாவின் அந்த வேலை போனது. வண்டு வந்தும் தூள் காற்றில் பறக்கத்தான் செய்கிறது. செம்பனை மகரந்தம், ரெசாம் பெரணியின் வித்துத்தூள், சில பூஞ்சைகள் எல்லாம் ஒவ்வாமை தருபவை என்று சிங்கப்பூரில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அம்மாவோடு ஊதிய பெண்கள் எத்தனை பேர் இருமினார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2021ல் டாக்டர் என் கையில் குத்தி ஒவ்வாமை பார்க்கும் சோதனை எடுத்தார். புல் மகரந்தத்துக்குக் கொசுக்கடி அளவு தடிப்பு. மெத்தையில் வாழும் தூசிப் பூச்சிக்கோ பத்து காசு நாணயம் அளவுக்கு வீங்கியது. "உங்களுக்கு முதல் எதிரி வெளியே இல்லைம்மா, தலகாணியில இருக்கு" என்றார். எந்த மகரந்த எண்ணும் இதைச் சொல்லாது. இப்போது வாரம் ஒரு தடவை படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். விடிகாலைத் தும்மல் பாதிக்குமேல் குறைந்துவிட்டது.

புகைமூட்டத்துக்கு ஐ.பி.யு. என்ற மலேசியக் காற்று மாசு எண்ணைப் பார்க்கிறேன். அது நிலையத்தில் அளந்து வருகிற எண், 2018லிருந்து நுண்துகளையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். 2019 செப்டம்பரில் செயலி "குறைவு" என்று காட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் ஐ.பி.யு. 100ஐத் தாண்டி ஆரோக்கியமற்ற நிலைக்குப் போனது. ஊரை ஒட்டிய லம்பாக் மலை கண்ணுக்கே தெரியவில்லை. 100ஐத் தாண்டினால் நான் நடைப்பயிற்சிக்குப் போவதில்லை.

மற்றதற்கு ஒரு பள்ளிக்கூட நோட்டுதான். தேதி, மழை, ஐ.பி.யு., பக்கத்தில் என்ன பூத்திருக்கிறது, எத்தனை தடவை இன்ஹேலர் என்று ஒரு நாளைக்கு ஒரு வரி. இரண்டு வருஷ நோட்டைப் புரட்டியபோது ஒன்று புரிந்தது: ஒரு வாரம் வெயில் காய்ந்து முதல் பெருமழை பெய்கிற ராத்திரிதான் எனக்கு மோசம். டாக்டரிடம் காட்டினேன். அவர் நோட்டை வாங்கிக் கால் மணி நேரம் படித்துவிட்டு, மூக்கு ஸ்ப்ரேயை எப்போது தொடங்குவது என்பதை மாற்றிக் கொடுத்தார்.

ஆஸ்திரேலியா மாதிரி எண்ணுகிற ஊருக்குப் போகிறீர்கள் என்றால் அங்குள்ள மகரந்த எண்ணை அவசியம் பாருங்கள். இங்கே இருக்கும்போது செயலியில் "குறைவு" என்று பார்த்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தோட்டத்து ஊர் ஒன்றிலாவது அந்த உறிஞ்சும் கருவியை வைத்து எண்ண வேண்டும் என்பது என் ஆசை. அதுவரைக்கும் நோட்டு போதும். கிளினிக் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள்.