நாலு மழைக்காலம், மூணு கார்ட்ரிட்ஜ்: அயோடின் கரி ஃபில்டர் அனுபவம்

பொள்ளாச்சியில் நியூக்ளியர் மெடிசின் பிரிவு தொடங்கப்போகும் நண்பர், ஃபியூம் ஹுட்டுக்கு (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) எந்தக் கரி ஃபில்டர் வாங்கலாம் என்று போனில் கேட்டார். நேற்றுதான் எங்கள் ஹுட்டின் மூன்றாவது கார்ட்ரிட்ஜை, அதாவது கரி அடைத்த ஃபில்டர் பெட்டியை, கழற்றியிருந்தேன். கேட்ட நேரம் சரியில்லை.

எனக்கு வீடு கொழிஞ்சாம்பாறை, வேலை பாலக்காட்டுப் பக்கம். தைராய்டு நோயாளிகளுக்கு அயோடின்-131 என்கிற கதிரியக்க அயோடினை அளந்து கொடுக்கும் ஹாட் லேப். திரவ பாட்டிலைத் திறந்தால் கொஞ்சம் ஆவி கிளம்பும். அது எங்கள் கழுத்தில், தைராய்டில், போய் உட்காராமல் ஹுட் இழுத்துக் கரியில் கட்டிப்போட வேண்டும்.

கரியைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர் தேங்காய்த் தொட்டிக்கரிதான், மலையாளத்துக்காரர்கள் சிரட்டைக்கரி என்பார்கள். நீராவியில் பதப்படுத்தினால் ஒரு கிராமுக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கிறது. வெறும் அயோடினுக்கு அதுவே போதும். மெத்தில் அயோடைடு என்கிற கரிமச் சேர்ம வடிவில் வருவதுதான் வழுக்கிக்கொண்டு போகும். அதற்காகக் கரியில் பொட்டாசியம் அயோடைடோ, டெடா என்கிற அமீனோ ஏற்றிவைக்கிறார்கள். முன்னதில் கதிரியக்க அயோடின் கரியிலுள்ள சாதா அயோடினோடு இடம் மாறித் தங்கிவிடும். டெடா நேரடியாகவே பிடித்துக்கொள்ளும். எங்களுடையது டெடா. புதுப் பெட்டியைப் பிரித்தால் கருவாட்டு வாடை அடிக்கும். முதல் தடவை கெட்டுப்போன சரக்கு என்று திருப்பி அனுப்பப் பார்த்தேன்!

ஜனவரி முதல் மே வரை தங்கம். வெளியேறும் குழாயில் வைக்கும் சாம்பிளில் பின்னணி அளவைத் தாண்டி ஒன்றும் ஏறாது. அப்புறம் ஜூன் வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் ஈரக்காற்றை விசிறி இரவெல்லாம் இழுக்கும், கரி தண்ணீர் குடிக்கும். நுண்துளைகளில் தண்ணீர் உட்கார்ந்துவிட்டால் மெத்தில் அயோடைடுக்கு இடம் ஏது? காற்றின் ஈரம் 70 சதவீதத்தைத் தாண்டினால் பிடிமானம் சரியத் தொடங்கும். எங்கள் ஜூலையில் அது 90. விசிறியை நிறுத்தலாமென்றால் உள்ளே இருப்பது ரேடியோ அயோடின். போன வருடம் கழற்றியதைப் பையில் கட்டி, 80 நாள், அதாவது பத்து அரை ஆயுள் (கதிரியக்கம் பத்து முறை பாதி பாதியாகக் குறையும் காலம்), ஈயத்தடுப்புக்குப் பின்னால் போட்டுவைத்து, பை பிரிக்காமலே எடை பார்த்தேன். மாட்டும்போது 14 கிலோ, இப்போது 16-க்கு மேல். இரண்டு கிலோ மழையைக் கம்பெனிக்காரனிடம் காசு கொடுத்து வாங்கிய மாதிரி இருந்தது.

நியாயமாகச் சொன்னால் இரண்டாவது கார்ட்ரிட்ஜ் செத்தது மழையால் அல்ல. பக்கத்து வராந்தாவுக்குப் பெயிண்ட் அடித்தார்கள், எங்களுக்குச் சொல்லவில்லை. தின்னர் ஆவியையும் கரி பேதம் பார்க்காமல் விழுங்கிவிடும். ஏழு மாதத்தில் முடிந்தது. அதற்குக் கரி என்ன செய்யும்?

நாலு வருடத்தில் ஊழியர்களின் தைராய்டில் கதிரியக்கம் அளந்து பார்த்ததில் ஒருமுறைகூட யாருக்கும் கவலைப்படும்படி வரவில்லை. இந்த ஃபில்டரின் உபயம்தான். ஆனாலும் வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றுதான் இன்றைக்கு வாயில் வருகிறது. பிப்ரவரியில் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள். ஹுட்டுக்குள் வரும் காற்றின் ஈரத்தைக் குறைக்க ஏற்பாடு உண்டா என்று முதலில் பாருங்கள். கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்து வாடை போகும்வரை ஃபில்டர் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.