ஷீக் ரெக்கார்டுகளோடு 14 ஆண்டுகள்

டிஸ்கோ என்றாலே எனக்கு ஒரு காலத்தில் இளக்காரம்தான். கண்ணாடி உருண்டை, மினுமினுக்கும் சட்டை, விடாமல் ஒரே அடி, அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்திருந்தேன். ஷீக் என்ற அமெரிக்க டிஸ்கோ குழு என் கைக்கு வந்தது டிஸ்கோவைத் தேடிப் போய் அல்ல. 2011 கடைசியில் பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ளப் போனேன். சொல்லிக்கொடுத்தவர் ஒரு பென் டிரைவில் பத்துப் பன்னிரண்டு பாட்டுகளைப் போட்டுத் தந்து, "மூணாவது பாட்டை ஒரு மாசம் கேளு. வாசிக்காத, கேளு" என்றார். அந்த மூன்றாவது பாட்டு ஷீக்கின் 'குட் டைம்ஸ்'.

ஒரு மாதம் எங்கே கேட்டேன், மூன்றாம் நாளே வாசித்துப் பார்த்துவிட்டேன். ஒரே ஸ்வரம் மூன்று தடவை, ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று. பிறகு ஒரு மூச்சு இடைவெளி. அதற்கப்புறம் படியேறுவது போல ஒரு ஓட்டம். பாட்டு முழுக்க இரண்டே கார்டு (ஸ்வரக்கூட்டு). ஒரு சாயங்காலத்தில் விரல் பழகிவிட்டது. பெருமையோடு போய் வாசித்துக் காட்டினேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த மூணு அடியும் எங்க முடியுது, பாத்தியா?" என்று கேட்டார். எங்கே தொடங்க வேண்டும் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே முடிக்க வேண்டும் என்று யோசித்ததே இல்லை. அந்த ஸ்வரங்களை ஷீக்கின் பேஸ் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் அறுக்கும் இடம் எனக்குக் கைவர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கும் பத்துக்கு ஆறு தடவைதான் சரியாக விழுகிறது.

இந்தக் குழுவின் பாட்டுகள் இத்தனை வருஷமாக எனக்குப் புளிக்காததற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது. இவர்கள் வாசித்தது பாதி, வாசிக்காமல் விட்டது பாதி.

குழுவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவின் கிட்டார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸ் நியூயார்க்காரர். சின்ன வயதில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தில் இருந்தவர். 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியின் சுற்றுப்பயணக் குழுவிலும் ஹார்லெமின் அப்பல்லோ அரங்கக் குழுவிலும் கிட்டார் வாசித்துத் தேறியவர். எட்வர்ட்ஸ் வட கரோலினாவில் பிறந்தவர். இருவரும் 1952-இல் பிறந்தவர்கள். 1970 வாக்கில் சந்தித்தார்கள். அப்புறம் 'நியூயார்க் சிட்டி' என்ற பாடகர் குழுவுக்குப் பின்னணி வாசித்தார்கள். பிக் ஆப்பிள் பேண்ட் என்று தங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். 1976-இல் வால்டர் மர்ஃபி என்பவர் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை டிஸ்கோவாக்கிப் பெரிய வெற்றி பெற்றார். அவர் குழுவுக்கும் அதே பெயர்! வேறு வழியில்லாமல் பெயரை மாற்றியதில் பிறந்ததுதான் ஷீக்.

ராட்ஜர்ஸ் லண்டனில் ராக்ஸி மியூசிக் குழுவின் கச்சேரியைப் பார்த்து, உடையும் தோரணையும்கூட இசையின் ஒரு பகுதிதான் என்று மனதில் குறித்துக்கொண்டார். கிஸ் குழு முகத்தை மறைத்துக்கொண்டே புகழ் பெற்றதும் அவர்களை ஈர்த்தது. 1977-இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் இருப்பவர்கள் வாயில் விசிலோடு இரண்டு மாடல் பெண்கள். குழுவில் ஒருவரும் படத்தில் இல்லை. பாடியவர் நார்மா ஜீன் ரைட். பின்குரல்களில் அப்போது வெளியே தெரியாத லூதர் வாண்ட்ராஸ். டிரம்ஸ் டோனி தாம்சன். கனமான அடி அவருடையது. 1985-இல் லைவ் எய்ட் நிதிக் கச்சேரி மேடையில் லெட் செப்லின் ராக் குழு மீண்டும் கூடியபோது டிரம்ஸில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் அவர் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, டிஸ்கோ என்றால் மெல்லிசு என்று என்னோடு வாதாடிய ராக் நண்பர்கள் அடங்கிவிட்டார்கள்.

முதல் ஆல்பத்தில் 'எவ்ரிபடி டான்ஸ்' ஒன்றுக்காகவே அதை வைத்திருக்கலாம். பேஸ் வரி ஓடுகிற வேகத்தைக் கேட்டு, இதைப் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) வைத்துத்தான் எட்வர்ட்ஸ் வாசித்திருப்பார் என்று பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்து, விரலையே பிளெக்ட்ரம் போல ஆக்கி அடிப்பது எட்வர்ட்ஸின் வழக்கம். மற்றபடி அந்த ஆல்பத்தில் இரண்டு மூன்று பாட்டுகளை நான் தாண்டிவிடுவேன்.

'லெ ஃப்ரீக்' பிறந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1977-இன் கடைசி இரவு. பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்தார் என்று நியூயார்க்கின் ஸ்டுடியோ 54 டிஸ்கோ கிளப்புக்கு ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் நன்றாக உடுத்திக்கொண்டு போகிறார்கள். வாசலில் பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது இவர்கள் பாட்டாகவே இருந்திருக்கலாம்! வீட்டுக்குப் போய், ஷாம்பெயினைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசல் காவலாளியைத் திட்டும் கெட்ட வார்த்தையையே பல்லவியாக்கிப் பாடினார்கள். மெட்டு நன்றாக வந்துவிட்டது, வார்த்தையை மட்டும் ரேடியோவுக்குத் தகுந்தபடி "ஃப்ரீக் அவுட்" என்று மாற்றினார்கள். 1978 கடைசியில் வெளிவந்து அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தை விட்டு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, மூன்று தடவை உச்சிக்குப் போன பாட்டு அது. இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் இருக்கிறது.

ஆனால் 14 வருஷம் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், 'ஸே ஷீக்' ஆல்பத்தில் முதலில் அலுத்துப்போவது 'லெ ஃப்ரீக்'தான். கல்யாண ரிசப்ஷன், மால், விளம்பரம் என்று எங்கே போனாலும் காதில் விழுந்து தேய்ந்துவிட்டது. அந்த ஆல்பத்தில் என்னோடு தங்கியவை வேறு. 'ஐ வாண்ட் யுவர் லவ்' பாட்டில் ஆல்ஃபா ஆண்டர்சன் உணர்ச்சியைக் கொட்டாமல், கண்ணீரை உள்ளேயே வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி பாடுவார். அவருக்கு மேலே கோயில் மணி போல டியூபுலர் பெல்ஸ் இறங்கும். ஆல்ஃபா 2024 டிசம்பரில் காலமானார். அந்த வாரம் முழுக்க இந்த ஒரு பாட்டுதான் என் வீட்டில். அப்புறம் 'அட் லாஸ்ட் ஐ ஆம் ஃப்ரீ'. ஏழு நிமிஷத்துக்கு மேல் நகரும் மெதுவான பாட்டு. முதல் மூன்று வருஷம் அதைத் தள்ளிவிட்டே வந்தேன். ஒரு நாள் இரவுப் பேருந்தில் கை அசதியில் தள்ள முடியாமல் போய்தான் முழுசாகக் கேட்டேன். இப்போது அதைத் தள்ளுவதில்லை.

'ரிஸ்கே' 1979. அவர்களுடைய உச்சம் இதுதான் என்பது என் முடிவு. அட்டைப் படம் 1930-களின் மாளிகைக் கொலை ஒன்றைப் போல அமைக்கப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நினைவு ஆல்பத்தின் உள்ளேயும் இருக்கிறது. 'குட் டைம்ஸ்' வரிகள் 1929-இல் எழுதப்பட்ட பழைய நம்பிக்கைப் பாட்டு ஒன்றைத் தொட்டுப் போகின்றன. வேலையில்லாத் திண்டாட்டமும் விலைவாசியும் கழுத்தை நெரித்த நேரத்தில் "நல்ல காலம்" என்று பாடுவதில் ஒரு நமட்டுச் சிரிப்பு இருக்கிறது. எனக்கு அது பிடிபட ஐந்தாறு வருஷம் ஆனது. 'மை ஃபீட் கீப் டான்ஸிங்' பாட்டின் நடுவில் கிட்டார் தனிவாசிப்பு வரவேண்டிய இடத்தில் டக்டக்கென்று காலடிச் சத்தம் வரும். அது டாப் நடனம். ஆடியவர்களில் ஒருவர் அந்தக் கலையின் ஜாம்பவான் ஃபயார்ட் நிக்கலஸ். நான் வெகுநாள் அதை ஏதோ தாள வாத்தியம் என்றே நினைத்திருந்தேன்.

'குட் டைம்ஸ்' ஆல்பம் வடிவம் எட்டு நிமிஷம். சிங்கிளுக்காக, அதாவது தனிப்பாட்டு வெளியீட்டுக்காக, வெட்டியது நாலு நிமிஷம்கூட வராது. தயவுசெய்து நீளமானதைக் கேளுங்கள். நடுவில் வயலின்கள் விலகும், பியானோ விலகும், ராட்ஜர்ஸின் கிட்டாரும் போய்விடும். பேஸும் டிரம்ஸும் கைத்தட்டும் மட்டும் மிஞ்சும். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். வீட்டுக்கு விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிற மாதிரி இருக்கும். நல்ல ஹெட்ஃபோனில் கிட்டார் திரும்பி வரும் அந்த இடத்தைக் கவனியுங்கள். வலது கை நிற்காமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கிறது, இடது கைதான் எதை ஒலிக்க விடுவது, எதை வெறும் 'சிக்' சத்தமாக அமுக்குவது என்று முடிவு செய்கிறது. ஜாஸ் கிட்டாரைக் கொடுத்துவிட்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கும்படி அவரை இந்தப் பக்கம் இழுத்துவிட்டவரும் எட்வர்ட்ஸ்தான். அந்த வெள்ளை கிட்டாருக்குப் பின்னால் 'ஹிட்மேக்கர்' என்றே பெயர் வந்துவிட்டது.

பேஸும் டிரம்ஸும் மட்டும் மிஞ்சும் அந்த வெற்றிடத்தை மற்றவர்களும் கண்டுகொண்டார்கள். அதே 1979-இல் ஷுகர்ஹில் கேங் என்ற ராப் குழு, 'குட் டைம்ஸ்' மெட்டின் மேல் பேசிப் பாடி 'ராப்பர்ஸ் டிலைட்' வெளியிட்டது. ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் வழக்குப் போடுவோம் என்ற பிறகுதான் அவர்கள் பெயர் அதில் ஏறியது. குவீன் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீகன் ஷீக்கின் ஸ்டுடியோவில் வந்து பழகியவர். 1980-இல் வந்த 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' பாட்டின் முதல் மூன்று அடியைக் கேட்டால் உறவு தெரியும்.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, அன்றைய இரண்டாம் ஆட்டமே நடக்காமல் போனது. ஆகஸ்டில் 'குட் டைம்ஸ்' முதலிடம் பிடித்து, ஒரே வாரத்தில் 'மை ஷரோனா' என்ற ராக் பாட்டுக்கு இடம் விட்டது. அதற்குப் பிறகு ஷீக் பெயரில் வந்த ஒரு பாட்டும் அமெரிக்க டாப் 40-ஐத் தொடவில்லை.

ஆனால் இந்த இருவருக்கும் வேலை குறையவில்லை. சிஸ்டர் ஸ்லெட்ஜ் குழுவுக்கு 1979-இல் அவர்கள் செய்த 'வீ ஆர் ஃபேமிலி' ஆல்பத்தை ஷீக் ஆல்பமாகவே எண்ணிக் கேட்கிறேன். 'திங்கிங் ஆஃப் யூ' எந்தக் காலைக்கும் பொருந்தும். பாடகி டயானா ராஸுக்கு 1980-இல் செய்த ஆல்பத்துக்கு இரண்டு முகம். அவர்கள் கொடுத்த ஒலிக் கலவை (மிக்ஸ்) பிடிக்காமல் ராஸும் மோடவுன் ரெக்கார்டு நிறுவனமும் குரலை முன்னால் கொண்டுவந்து மறுபடி கலந்து வெளியிட்டார்கள். பழைய ஷீக் கலவை 2003-இல்தான் டீலக்ஸ் பதிப்பில் வந்தது. இரண்டையும் மாறி மாறிக் கேட்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. 'அப்சைட் டவுன்' பாட்டுக்கு மோடவுன் கலவைதான் மேல் என்று சொன்னால் ஷீக் வெறியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

1980-இலிருந்து 1983 வரை வந்த நான்கு ஆல்பங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 'ரியல் பீப்பிள்' கோபமும் கசப்பும் கலந்தது, எனக்குப் பிடிக்கும். 'டேக் இட் ஆஃப்' பரவாயில்லை. மற்ற இரண்டையும் வருஷத்துக்கு ஒரு தடவைகூட எடுப்பதில்லை. 1982-இல் ஒரு படத்துக்காகச் செய்த 'சூப் ஃபார் ஒன்' மட்டும் விதிவிலக்கு. 2000-இல் மோஜோ குழுவின் 'லேடி' பாட்டைக் கேட்டிருந்தால், அந்த கிட்டார் இங்கிருந்து போனதுதான்.

வாங்குகிறவர்களுக்கு நான் பட்ட அடிகளைச் சொல்கிறேன். பென் டிரைவிலிருந்த எம்பி3-இல் ஹை-ஹாட் (டிரம்ஸின் ஜோடித் தட்டு) தகரத்தைத் தேய்ப்பது போல இருந்தது. பாட்டே அப்படித்தான் என்று ஒரு வருஷம் நம்பினேன். பிறகு வாங்கிய மலிவுத் தொகுப்பு சிடி ஒன்றில் எல்லாமே சிங்கிளுக்கு வெட்டியவை. உறையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இணையத்தில் பழைய 'ரிஸ்கே' எல்பி வாங்கினேன். விற்றவர் "கீறல் இல்லை" என்று எழுதியிருந்தார். கீறல் இல்லைதான், ஆனால் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. ஸ்ட்ரீமிங்கில் ஒரே பாட்டுக்கு ஐந்து வடிவம் கிடக்கும், நீளத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் 2010-இல் வந்த நான்கு சிடி பெட்டித் தொகுப்பு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். காசு கொடுத்ததற்கு வருந்தாத ஒரே கொள்முதல் அதுதான். மற்றவர்களுக்கு அவர்கள் செய்தவையும் அதில் சேர்ந்திருப்பது கூடுதல் லாபம்.

என்னிடம் இருந்தும் அதிகம் எடுக்காத ஒன்று, 1996 ஏப்ரல் 17 அன்று டோக்கியோ புடோகான் அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவு. எட்வர்ட்ஸுக்கு அன்று கடுமையான காய்ச்சல். மேடையில் சிறிது நேரம் நினைவு தப்பி, பேஸ் நின்றுபோய்த் திரும்ப வந்தது. வேண்டுமென்றே விட்ட இடைவெளி என்று ராட்ஜர்ஸ் நினைத்தாராம். அத்தனை வருஷம் இடைவெளி விட்டே வாசித்த மனிதர், வேறு எப்படி நினைப்பார்? மறுநாள் ஹோட்டல் அறையில் எட்வர்ட்ஸ் நிமோனியாவால் இறந்து கிடந்ததைப் பார்த்தவரும் ராட்ஜர்ஸ்தான்.

வளைந்த எல்பியை இரண்டு கனமான அகராதிகளுக்கு நடுவில் வைத்து ஓரளவு நிமிர்த்திவிட்டேன். இரண்டாம் பக்கம் இன்னும் புத்தம் புதுசு. முதல் பக்கம் ஓட்டி ஓட்டி இரைச்சல் ஏறிவிட்டது. இன்னொரு பிரதி தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும்.