திருப்பூரில் ஒரு மென்பொருள் சேவை: ஆய்வு முதலில், புரோகிராம் பிறகு

பின்னலாடை ஏற்றுமதிப் பிரிவுகளுக்குத் தேவைக்கேற்ப மென்பொருள் எழுதித் தரும் ஒரு சிறிய திருப்பூர் நிறுவனத்தின் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. புரோகிராம் எழுதும் முன்பே சிக்கல் எங்கே இருக்கிறது என்று கண்டறிய இவர்கள் தனியாக ஓர் ஆய்வு நடத்துகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. கொடுத்த பணத்தில் மிகுந்த பலன் தந்தது அந்த ஆய்வுதான் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் நிர்வாகம் கேட்டது, நூல் கொள்முதல் முதல் பேக்கிங் வரை அனைத்தும் அடங்கிய முழு இ.ஆர்.பி. (எல்லாப் பிரிவுகளின் வேலையையும் ஒரே இடத்தில் பதியும் மென்பொருள்). சாயப்பட்டறைக்குப் போன துணியின் எடையும் திரும்பி வந்த எடையும் ஒத்துப்போகவில்லை, துணி எங்கோ குறைகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆய்வுக்கு வந்தவர்கள் கணினிப் பக்கம் போகாமல், குடோனில் எடைமேடை அருகே நின்று, ஒரே ஒரு லாட் (தொகுதி) துணியை நிட்டிங்கிலிருந்து சாயம், காம்பாக்டிங் (துணி பின்னர் சுருங்காதபடி அழுத்திப் பதப்படுத்துவது), கட்டிங் வரை பின்தொடர்ந்தார்கள். எந்தச் சீட்டில் யார் எதை எழுதுகிறார், அது அடுத்து யார் கைக்குப் போகிறது என்று குடோன் பொறுப்பாளரிடமும் வண்டி ஓட்டுநரிடமும்கூடக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ஒரே டி.சி.யில் (துணியுடன் போகும் டெலிவரி சலானில்) நாங்கள் அனுப்பும் துணியைப் பட்டறை பல தவணைகளாகத் திருப்புகிறது. திரும்பும் துணியுடன் பட்டறை அனுப்பும் சீட்டுகளில் அதன் லாட் எண் இருந்ததே தவிர எங்கள் டி.சி. எண் இல்லை. அதனால் அலுவலகத்தில் நிறத்தையும் தேதியையும் பார்த்து, உத்தேசமாகவே வரவு வைத்துவந்தார்கள். சாயமிடும்போது எடை குறைவது இயல்பு. நூலுக்கும் நிறத்துக்கும் ஏற்ப அந்தக் குறைவு மாறும். எந்த வரவு எந்த டி.சி.க்கு உரியது என்பதே தெரியாதபோது, இயல்பான குறைவையும் உண்மையான இழப்பையும் பிரித்தறிய வழியே இல்லை. முழு இ.ஆர்.பி. போட்டிருந்தாலும் அதே உத்தேச வரவுதான் அதிலும் ஏறியிருக்கும்.

எங்கள் டி.சி. எண் இல்லாத சீட்டுடன் வரும் துணியை இறக்கக் கூடாது என்ற விதியையும், டி.சி. வாரியாக வரவைப் பொருத்தும் ஒரு சிறு புரோகிராமையும் மட்டும் பரிந்துரைத்தார்கள். கணக்குக்கு ஏற்கெனவே இருக்கும் டேலி மென்பொருளே போதும் என்று அவர்களே சொன்னது எனக்கு மிகுந்த மதிப்பை ஏற்படுத்தியது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு (வெளியாரிடம் கொடுத்துச் செய்விக்கும் வேலைக்கு) அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் 1 ஆண்டுக்குள் திரும்ப வேண்டும்; நிலுவை டி.சி.களும், அப்படி அனுப்பியதையும் திரும்பியதையும் அரசுக்குத் தெரிவிக்கும் ஐ.டி.சி.-04 படிவத்துக்கான விவரங்களும் இப்போது அதே பதிவிலிருந்து கிடைத்துவிடுகின்றன.

குறைகளும் உண்டு. ஆய்வறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால் குடோன் ஊழியர்களுக்கு நாங்களே விளக்க வேண்டியிருந்தது. ஷிப்மென்ட் நெருக்கடியில் இரவில் துணி இறங்கும் நேரத்தை அவர்கள் பார்க்கவில்லை. அதற்கான நடைமுறையைப் பின்னர் மாற்ற நேர்ந்தது. மூல நிரல் யாருக்குச் சொந்தம் என்பதும் முதல் ஒப்பந்த வரைவில் தெளிவாக இல்லை. கையெழுத்திடும் முன் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நிட்டிங், சாயம், பிரிண்டிங் என்று பெரும்பகுதி வேலையை வெளியே கொடுப்பவர்களுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆய்வுக் கட்டணத்தைப் புரோகிராம் விலையில் கழித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது சிலருக்கு உறுத்தலாம். எனக்கு அது சரியாகவே படுகிறது: புரோகிராமே வேண்டாம் என்று முடிவானாலும் அவர்களுடைய உழைப்புக்கு ஊதியம் கிடைத்துவிடுவதால், தேவையற்றதை நம்மிடம் விற்கும் நெருக்கடி அவர்களுக்கு இல்லை.