சிறைக்கு எது சரி: ஜிம்மா, வாலிபால் மைதானமா?

கைதிகளுக்கு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு ஒரே பதில்: 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், இன்னும் தீர்ப்பே வராதவர்கள். சரி, செலவு செய்யலாம். எதில்?

நான் வாலிபால் பக்கம். மூன்று வருடம் முன்னால் சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருப் பூங்காவுக்கு இதே கேள்வி வந்தபோது ஜிம்முக்குக் கை தூக்கியவன் நான். முதல் மழைக்காலம் முடிவதற்குள் காலாட்டும் கருவியில் பேரிங் போய், இடது மிதி தரையில் உரசிக் கிறீச்சிட்டது. யாரோ நைலான் கயிற்றால் கட்டிவைத்தார்கள், இன்றைக்கும் அந்தக் கயிறுதான். போய்க் கேட்டால், வாங்கத்தான் நிதி, பழுதுபார்க்கக் கணக்கில் தலைப்பே இல்லை என்றார்கள்.

இதையே அஸ்தம்பட்டி மத்திய சிறை மாதிரி ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள். பேரிங் மாற்ற வரும் மெக்கானிக்குக் கேட்டில் அனுமதி வேண்டும், அவர் ஸ்பேனரையும் திருப்புளியையும் போகும்போதும் எண்ண வேண்டும், வரும்போதும் எண்ண வேண்டும், வேலை முடியும்வரை ஒரு காவலர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வெளியில் அரை மணி நேர வேலை அங்கே ஒரு நாளை விழுங்கும். அதுவரை கழன்று கிடக்கிற இரும்புத் துண்டு யார் கைக்குப் போகும் என்ற கவலை வேறு.

வாலிபாலுக்கு 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலத்தில் மட்டமான மண்தரை, சுற்றிக் கொஞ்சம் காலி இடம், இரண்டு கம்பம், வலை, நாலைந்து பந்து, கோடு போடச் சுண்ணாம்பு. வலை கிழிந்தால் உள்ளே இருப்பவர்களே முடிச்சுப் போட்டுவிடலாம், தரையையும் அவர்களே தண்ணீர் தெளித்துத் தட்டிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் 12 பேர் ஆடலாம், வெளியே நிற்பவரும் பந்து எடுத்துக் கொடுத்து, பாயிண்ட் சொல்லி ஆட்டத்துக்குள்தான் இருப்பார். ஜிம்மில் ஒரு கருவிக்கு ஒரு ஆள். மாலையில் அறைகளைப் பூட்டும் நேரத்துக்குள் எத்தனை பேர் ஏறி இறங்க முடியும்?

ஜிம்முக்கும் நியாயம் உண்டு. வயதானவர், முட்டிவலிக்காரர், கூட்டத்தோடு சேராதவர் வாலிபாலுக்கு வரமாட்டார். அவர்களுக்கு அசையும் பாகமே இல்லாத, பிடித்துத் தொங்கும் இரண்டு கம்பியும் ஒரு நடைபாதையும் போதும் என்று நினைக்கிறேன். இடம் குறுகலாக இருந்தால் வளையப்பந்து. ஆட்டத்தில் தகராறு வராதா என்றால், வரலாம். பள்ளி மைதானத்திலேயே வருகிறது. அதை உள்ளே பணியில் இருப்பவர்கள்தான் சரியாகச் சொல்ல முடியும்.

சிறை மாநிலப் பட்டியலில் வருவது, பணம் போவது நம் மாநில பட்ஜெட்டிலிருந்துதான். இல்லை, ஜிம்தான் என்று முடிவானால், வாங்கும் உத்தரவிலேயே ஐந்து வருடப் பழுதுபார்ப்புப் பணத்தையும் சேர்த்து எழுதட்டும்.